மொட்டை மாடியில் பெண் வீட்டார்

நசீருதீனுக்கு வாய் சும்மா இருக்காது. பல்லாவரத்தில் பைப்புக் கடை வைத்திருப்பவர், மகன் ஜமீர் விமானம் ஓட்டப் பழகியதிலிருந்து குழாய் வாங்க வந்தவர்களிடமும் மேகத்தைப் பற்றித்தான் பேசினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெண் வீட்டார் பம்மலில் அவர் வீட்டைப் பார்க்க வந்தார்கள். ஜமீருக்கோ அன்று பக்கத்து விமான நிலையத்தில் தனியாகப் பறக்கும் முறை. வேறொருவராக இருந்தால் தேதியை மாற்றியிருப்பார். இவர் மகனுக்குப் போன் போட்டார்.

"ஏறினதும் நம்ம வூட்டுப் பக்கமா ஒரு சுத்து சுத்திட்டுப் போப்பா. எல்லாரும் மாடியில நிப்போம்."

"அவ்ளோ கீழ திரும்பக் கூடாது அத்தா. நேரா மேல போய்ட்டுத்தான் திரும்பணும்."

"ஒரே ஒரு சுத்துப்பா. எனக்காக."

டீயும் சமோசாவுமாக எல்லோரும் மாடியேறினார்கள். சின்ன விமானம் எழும்பியது, எழும்பிய கையோடு வீட்டுப் பக்கம் திரும்பியது. ஒரு இறக்கை சாய்ந்தது. பெண்ணின் தாயார் கை தட்டினார். சாய்ந்த இறக்கை நிமிரவில்லை. விமானம் வீடுகளுக்குப் பின்னால் ஆற்றுப் பக்கம் விழுந்தது. நசீருதீன் படியிறங்கி ஓடினார்.

பையனுக்கு ஆயுசு கெட்டி. அடையாற்றுச் சேற்றில் விழுந்ததால் கால் இரண்டும் முறிந்ததோடு போயிற்று. பெண் வீட்டார் பிறகு பேசவில்லை. அது ஜமீருக்குப் பெரிதில்லை. இனிமேல் பறக்க விடுவார்களா என்பதுதான் அவன் கவலை.

விசாரணை அதிகாரி அசரியா ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"அவ்வளவு தாழ்வா ஏன் திரும்பினீங்க?"

"இன்ஜின் திணறுச்சு சார். ரன்வேக்கே வந்துடலாம்னு பார்த்தேன்."

"பதட்டத்துல பலரும் செய்யறதுதான். அப்படின்னா லைசன்ஸுக்கு ஒண்ணும் வராது" என்று அசரியா பேனாவை மூடினார்.

கட்டிலருகே நின்ற நசீருதீனுக்கு ஒன்றுதான் புரிந்தது: அத்தாவைக் காட்டிக்கொடுக்காமல் பிள்ளை மறைக்கிறான். மனசு தாங்கவில்லை.

"அவன் மேல தப்பே இல்ல சார். இன்ஜினெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க பார்க்கட்டும்னு நான்தான் திரும்பச் சொன்னேன். அவன் கூடாதுன்னுதான் சொன்னான்."

ஜமீர் கண்ணை மூடிக்கொண்டான். அசரியா மறுபடி பேனாவைத் திறந்தார்.

"கூடாதுன்னு தெரிஞ்சேதான் திரும்பினாரா?"

"நல்லாத் தெரியும் சார்" என்றார் நசீருதீன், பெருமை குறையாமல். "என் புள்ளைக்குத் தெரியாததா?"