அப்பா அடித்துவிட்ட முடிவு

டெட்ராய்ட்டில் அந்தச் சர்ச்சுக்குள் ஹீட்டர் ஓடியும் விரல் விறைத்தது. கச்சேரிக்கு இன்னும் ஒரு மணி நேரம். வெர்டெல் தன் செல்லோ வாத்தியத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு, இசைத்தாளின் கடைசிப் பக்கத்தை ஒருவழியாகத் திருப்பினாள். அப்பாவின் பென்சில் எழுத்து ஒன்றுகூட இல்லை.

அப்பா தபாலாபீஸில் முப்பது வருஷம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கியவர். கறுப்பன் எழுதின இசையை எவன் வாசிப்பான் என்று ஊரே சிரித்தது. மனுஷன் எழுதிக்கொண்டேதான் இருந்தார். அவர் போய் எட்டு மாதம் கழித்து இன்றைக்குத்தான் அவர் இசை மேடையேற வேளை வந்தது. இந்தக் கச்சேரியில் கறுப்பர்கள் எழுதிய இசை மட்டும். பெரிய வாத்தியக்காரரும் பள்ளிப் பிள்ளையும் ஜோடி ஜோடியாக ஒரே தாளைப் பார்த்து வாசிக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் அச்சான முடிவை அடித்துவிட்டு, செல்லோவுக்கு மட்டும் நாலு வரி புதிதாக எழுதினார். "பழசு வெறும் ஆர்ப்பாட்டம்மா, பொய். இதை வாசி" என்றார். வெர்டெலுக்கு அந்தப் பக்கத்தைப் பார்க்கும் தைரியமே வரவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். ஒரு நகல் எடுக்கக்கூடவா தோன்றாது? என்ன படித்து என்ன!

"நைலா, இங்க எழுதியிருந்தது எங்கடி?"

அவளுக்கு ஜோடியாகப் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்ணுக்குப் பதினைந்து வயசு. பழக வேண்டுமென்று தாளை நேற்று வீட்டுக்குக் கொண்டுபோனவள் அவள்தான்.

"அழிச்சுட்டேன், மிஸ் வெர்டெல். முன்னாடி வாசிச்சவங்க போட்டதையெல்லாம் அழிச்சுட்டுத்தான் நம்ம குறியைப் போடணும்னு எங்க மாஸ்டர் சொல்வார்."

"வாசிச்சாவது பார்த்தியா?"

"இல்ல மிஸ். ஒரே கிறுக்கல், படிக்க வரலை. அதுல என்ன இருந்துச்சு?"

"எங்கப்பா."

வெர்டெலுக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது. தன்னை இன்னும் ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது.

"அழுத்தின தடம் இருக்கும் மிஸ்" என்று நைலா தாளை விளக்கில் சாய்த்துப் பிடித்தாள். முன்பக்கங்களில் அப்பா நல்ல தெம்போடு போட்ட குறிகள் அழித்த பிறகும் விரலுக்குத் தட்டுப்பட்டன. கடைசிப் பக்கம் வழவழவென்றிருந்தது. கரண்டி பிடிக்கவே தெம்பில்லாத கையால் எழுதியது எப்படித் தடம் பதிக்கும்?

கச்சேரியில் அச்சிலிருந்த முடிவையே வாசித்தார்கள். சர்ச் அதிர்ந்தது. நைலா மட்டும், தான் அழித்த அந்தக் கடைசி நாலு வரி வந்ததும், செல்லோ வில்லை மடியில் வைத்துவிட்டாள். ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

"உங்கப்பா முடிச்ச விதம் இருக்கே, அபாரம்" என்று பாதிரியார் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமாங்க" என்றாள் வெர்டெல்.