கோழி மட்டும் விழுந்த படம்

கருப்பம்மாள் உள்ளே விழுந்துவிட்டாளா என்று பார்க்கத்தான் காமிராப் பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்தேன். நல்ல உச்சி வெயில். நாளுக்கு ஒன்றாக எட்டு நாள் பிடித்த படங்கள் எட்டும் வெளிச்சம் பட்டு அந்த ஒரு பார்வையில் போயின.

செமோருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி. பால் வாளிகளை நிறுத்து எழுதுவது வேலை. ஈப்போவில் அந்தப் பழைய பெட்டியை வாங்கிய நாளிலிருந்து, தினம் ஒரு படம் பிடித்தே தீருவதென்று விரதம். பல் விளக்குவதைக்கூட நான் அவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை. முதல் ஏழு நாள் ரப்பர் மரம், தண்ணீர்த் தொட்டி, என் செருப்பு என்று போயிற்று. எட்டாம் நாள்தான் ஓர் ஆள் நின்றாள். கருப்பம்மாள் மரம் வெட்டுகிறவள், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவள். முசிறிப் பக்கம் கட்டிக்கொடுத்த மகள் அவள் முகத்தைப் பார்த்து ஒன்பது வருஷம். அந்த மகளுக்கு அனுப்பத்தான் படம். பால் கறை இல்லாத ஒரே சேலையைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி நின்றாள்.

ஈப்போ படக்கடைச் சீனர் சுருளைக் கழுவிக் காட்டினார். முழுக்கக் கன்னங்கரேலென்று இருந்தது. அவர் சிரித்த சிரிப்பை இங்கே எழுத வேண்டாம்.

"படம் எங்கங்கையா?" என்று கேட்டாள் கருப்பம்மாள். கிராணிக்குத் தப்பே வராது என்று நம்பியிருக்கும் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

"பெட்டி நல்லாத்தான் இருக்குக்கா. என்னமோ, உன் உருவம் மட்டும் விழல" என்றேன்.

வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் என் வாசலில் ஒரு செவலைக் கோழியைக் கட்டிவிட்டு, "வச்சுக்கங்கையா" என்றாள். எதற்கு என்று கேட்பதற்குள் போய்விட்டாள். அவளுடைய பித்தளைக் குடம் பக்கத்து வீட்டு நவமணிக்குப் போயிருந்தது. காமிராவோடு என்னைக் கண்டால் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் கதவுகள் சாத்திக்கொண்டன.

ஸ்டோரில் பால் உறைய வைக்கிற ராமையாவைக் கேட்டேன். "ஏண்ணே எல்லாரும் ஓடுறாங்க?"

"ஓடுறாங்களா? மழை வருது லா, அதான்."

வானத்தில் பொட்டு மேகம் இல்லை. நவமணியைக் கேட்டால், "எனக்கென்னங்க தெரியும்" என்று குடத்தை முந்தானையால் மூடினாள். குடத்துக்கும் என் கேள்விக்கும் என்ன சம்பந்தம்?

அதற்காக விரதத்தை விட முடியுமா? அடுத்த எட்டு நாளும் கோழியைப் படம் பிடித்தேன். ஓடாமல் நின்றது அது ஒன்றுதான், அதுவும் கட்டிப்போட்டிருந்ததால்.

"தினம் ஒரு கோழிப் படமா? தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில ஒரு கட்டில் சொல்லி வைக்கட்டா, கிராணி?" என்றார் ராமையா.

இந்த முறை பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டியே ஈப்போவுக்குக் கொண்டுபோனேன். எட்டுப் படத்திலும் இறகு இறகாகக் கோழி! சந்தோஷம் தாங்காமல் நேரே கருப்பம்மாளிடம் ஓடினேன்.

"பாத்தியாக்கா, பெட்டி எவ்வளவு சுத்தமா வேலை செய்யுது!"

எட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அப்படியே படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். கோழிப் படம் பார்த்து அழுத ஆளை நான் அதுவரை கண்டதில்லை.

"அக்கா, இன்னைக்கு நீ சொல்லித்தான் ஆகணும். என்னதான் நடக்குது இங்க?"

"என்ன நடக்கணும்? கோழி விழுந்திருக்கு, நான் விழல. நெழல்ல தலை தெரியலன்னா நாள் முடிஞ்சுதுன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. எனக்கு ஆளே விழல. அதான் இருக்கறதக் குடுத்துட்டு உக்காந்திருக்கேன். மகளுக்கு ஒரு காயிதம் எழுத மட்டும் உங்ககிட்ட வரணும்னு இருந்தேன்."

தினமும் அவள் கோழியைப் படம் பிடித்துக்கொண்டு திரிந்த என் லட்சணம் அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"நீ விழுந்திருந்தேக்கா. நான்தான் பெட்டியத் தொறந்து பாத்துக் கெடுத்துட்டேன். வெக்கப்பட்டுப் பொய் சொல்லிட்டேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"எம்மேல கோவமாக்கா?"

"ஆமா" என்றாள். "போயி எங்கோழியக் கொண்டாங்க. கொடத்த நான் கேட்டு வாங்கிக்கறேன். அந்தச் சேலையவே கட்டிக்கிட்டு வாரேன், படம் புடிங்க. இந்தவாட்டி பெட்டியத் தொறந்தீங்க, மரம் வெட்டுற கத்தி எங்கிட்டத்தான் இருக்கு."