எழுநூற்றுவர்க்கு ஆக்கியவள்

கற்குன்றுகள் யானைக்கூட்டம் படுத்துறங்குவதுபோல் நிரைநிரையாய்க் கிடக்க, அவற்றின் அடிவாரமெங்கும் மாந்தோப்புகள் பூத்துப் பொன்னிறம் பூண்டு நிற்க, ஓசூரின் தொழிற்சாலைகளை நோக்கிச் சரக்குந்துகள் இடையறாது இரைந்தோடும் நெடுஞ்சாலையின் ஓரத்தே, குந்தாரப்பள்ளிக்கு அண்மையில், தைத்திங்களின் பனிமூட்டம் கலையாத வைகறைப் பொழுதில், எட்டுப் பேரடுப்புகள் ஒருங்கே எரிந்துகொண்டிருந்தன. அறக்கட்டளை மருத்துவமனையொன்று நடத்திய கண் மருத்துவ முகாமின் அடுக்களை அது. நாட்றாம்பாளையத்து மலைச்சரிவுகளிலிருந்தும் சிங்காரப்பேட்டையின் வயல்வெளிகளிலிருந்தும் வந்து, கண்ணின் புரை நீக்கிக்கொண்டு, ஒரு விழியில் வெண்கட்டுடன் தகரப் பந்தலின்கீழ்த் தங்கியிருந்தோர் நானூற்றுவர். அவர்க்குத் துணையாய் வந்தோர் முந்நூற்றுவர். கற்றறிந்தோரே, எழுநூறு வயிறுகளுக்கு மூன்று வேளையும் பசியாற்றுவது எத்தகைய பெருவினை என்பதை எண்ணிப் பார்த்ததுண்டோ? மூன்று மூட்டை அரிசி ஒரே வேளையில் வெந்து மலரும். ஓராள் உள்ளே அமரத்தக்க அண்டாவில் குழம்பு கொதிக்கும். அதனைக் கிளறும் துடுப்போ ஓடத்தின் துடுப்பை ஒத்திருக்கும்.

அவ்வடுக்களையை ஆண்டவள் முனிலட்சுமி என்பாள். ஐம்பத்தாறு அகவையினள், ஒல்லியான உடலும் உரத்த குரலும் உடையவள். அவள் ஆக்கும் முறையைக் கண்டோர் வியந்து நின்றனர். அண்டாவினுள் அவள் எட்டிப் பார்த்ததை எவரும் கண்டதில்லை. தலையைச் சற்றே சாய்த்துச் செவியை நீட்டுவாள். முதற்கொதியில் கூழாங்கற்கள் உருள்வதுபோல் ஒலித்த உலை, அரிசி மலருங்கால் ஈரமண்ணில் மழை விழுவதுபோல் தாழ்ந்து தடிக்கும், அவ்வொலி மாறிய நொடியிலேயே, "வடிங்க!" என்பாள். வெங்காயத்தின் பச்சை நெடி இன்மணமாய்த் திரிவதை இருபதடி தொலைவிலிருந்தே அறிவாள்.

அது கைதேர்ந்தவளின் செருக்கென்றே பலரும் கருதினர். உண்மையோ வேறு. ஈராண்டுகளாக அவள் விழிகள் இரண்டிலும் புரை முற்றி, உலகம் முழுதும் பாலில் தோய்ந்த துணிபோல் வெளுத்துக் கிடந்தது. கண்மருத்துவம் நிகழும் இடத்திலேயே கண்ணிழந்தவள் ஒருத்தி அடுப்படியில் நின்றாள். அதனை அறிந்தவன், தீ மூட்டும் பணியில் உடனிருந்த அவள் தம்பி திம்மராயன் ஒருவனே. "அக்கா, வலப்பக்கம் படி," "அக்கா, துடுப்பு எடப்பக்கம்," என்று மெல்லிய குரலில் அவன் சொல்லிக்கொடுக்க, அவள் நடமாடினாள். தெரிந்தால் இனி எவரும் தன்னை அடுப்பருகே விடமாட்டார் என்ற அச்சம் ஒருபால். கண்ணிலே கருவி படுமே என்ற நடுக்கம் மற்றொருபால். இவ்விரண்டுக்கும் நடுவே அவள் வாய்மூடி வாழ்ந்தாள்.

மூன்றாம் நாள் நண்பகல். கல்லுப்பு தீர்ந்துபோகவே, தூளுப்பு வாங்கி வட்டிலொன்றில் கொட்டி வைத்திருந்தனர். ஏனங்கள் துலக்குவோர் தாம் தேய்க்கும் வெண்ணிறத் தூளையும் அதே போன்றதொரு வட்டிலில் அதன் பக்கத்தே வைத்துச் சென்றனர். திம்மராயன் விறகுக்குப் போயிருந்தான். முனிலட்சுமி கைநீட்டினாள், இரு கை நிறைய அள்ளிப் பருப்புக்குழம்பில் இட்டாள், கிளறினாள். பின்னர் நெற்றி வியர்வையைத் துடைக்கக் கையை உயர்த்தியவள், அப்படியே நின்றுவிட்டாள். விரல்களில் எலுமிச்சை மணந்தது. அன்றைய சமையலில் எலுமிச்சை இல்லை.

விறகுக் கட்டோடு வந்த தம்பியிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் நாற்புறமும் நோக்கினான்.

"யக்கா, ரெண்டு கைதான போட்ட? இத்தினி பெரிய அண்டாவுல அது எங்க தெரியப் போவுது? யாரும் பாக்கல. பேசாம இரு."

"நேத்து கண்ணறுத்தவங்கடா அவங்க. வாந்தி வந்து முக்குனா கண்ணு என்னாத்துக்கு ஆவும்?"

"அப்ப இன்னா பண்றது?"

"கவுத்துடு."

"எத?"

"அண்டாவ."

எழுவர் கூடி மூங்கில் கோத்துத் தூக்கிச் சாய்க்க, பொன்னிறக் குழம்பு ஆறாய்ப் பெருகி ஆவி பறக்க மண்ணில் ஓடியது. பந்தலில் வரிசையாய் அமர்ந்திருந்தோர் திகைத்து எழுந்தனர். ஆரவாரம் கேட்டு, "என்ன ஆச்சு?" என்றவாறே விரைந்து வந்தாள் தலைமை மருத்துவர் அருணா. முனிலட்சுமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குரல் வந்த திசை நோக்கி நின்றாள்.

"டாக்டரம்மா, உப்புன்னு நெனச்சி பாத்திரம் தேய்க்கிற தூள அள்ளிப் போட்டுட்டன். ரெண்டு வருசமா எனக்குக் கண்ணு தெரியாதுங்க. சொன்னா அடுப்பாண்ட விடமாட்டீங்கன்னு மறச்சிட்டன். தப்பு என்னுதுதான்."

அருணா அருகணைந்து, சட்டைப்பையிலிருந்த சிறுவிளக்கை ஏற்றி அவ்விழிகளை உற்று நோக்கினாள். மங்கிய முத்துகள்போல் அவை வெளிறிக் கிடந்தன.

"இதோடவா இவ்வளவு பேருக்கு ஆக்கிட்டு இருந்தீங்க?" என்றாள். பின்னர்த் தன்னைத் தேற்றிக்கொண்டு, "அதை அப்புறம் பேசலாம். சர்க்கரை நோயாளிங்க நிறைய பேர் இருக்காங்கம்மா. இனிமே ரொம்ப நேரம் பசி தாங்க மாட்டாங்க. என்ன பண்றது?" என்று வினவினாள்.

"முக்கா மணி நேரம் குடுங்க. ராயக்கோட்டத் தக்காளி இருவது கூடை கெடக்குது. அரியத்தான் ஆளில்ல. ஆனா நான் போடறத யாராச்சும் பாக்கோணும். என் கைய இன்னிக்கி நானே நம்பல."

"நான் நிக்கறேன். ஒவ்வொண்ணா எனக்குக் காட்டிட்டுப் போடுங்க."

அப்போது பந்தலில் ஓர் அசைவு எழுந்தது. துணைக்கு வந்த பெண்டிரும் ஆடவரும் ஒருவர்பின் ஒருவராய் எழுந்து, கத்தி கிடைத்தோர் கத்தியுடனும் கிடையாதோர் வெறுங்கையுடனும் கூடைகளைச் சூழ்ந்தனர். வெண்கட்டிட்ட கண்ணோடு நாட்றாம்பாளையத்து ராமப்பன் என்னும் முதியவரும் எழுந்து வந்தார். "நீங்க குனியக்கூடாதுங்க ஐயா, உக்காருங்க," என்று அருணா தடுத்தாள்.

"குனியலம்மா. கொத்துமல்லி கிள்றதுக்கு இன்னா, ரெண்டு கண்ணா வேணும்?" என்று சொல்லி, அமர்ந்தவாறே கொத்துமல்லிக் கட்டொன்றைத் தம் மடியில் இட்டுக்கொண்டார்.

அடுத்த முக்கால் மணி நேரம் அருணா கண்டது அவள் கற்ற நூல் எதிலும் இல்லாதது. முந்நூறு கைகள் அரிந்து குவித்த தக்காளி செங்குன்றாய் உயர்ந்தது. கடுகு வெடித்தடங்கும் நொடியைச் செவியால் எண்ணி, மிளகாய் கருகுமுன் மூக்கால் தடுத்து, எட்டடுப்புகளுக்கும் நடுவே முனிலட்சுமி தேரோட்டிபோல் நின்றாள். "கடேசி அடுப்பு தணிடா, அடி புடிக்குது!" என்று அவள் கூவ, திம்மராயன் ஓடித் துழாவிப் பார்த்தான், அடியில் அப்போதுதான் பற்றத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு முறை அள்ளும்போதும் கையை விரித்து மருத்துவரிடம் காட்டினாள். "போடுங்கம்மா," என்ற சொல் கேட்டபின்னரே இட்டாள். குறித்த பொழுதுக்குள் சோறும் குழம்பும் வரிசைக்கு வந்தன.

மாலையில் அருணா அவளிடம் வந்தாள். "நாளைக்கு முதல் ஆளா உங்க கண்ணுதான்."

"பயமா கீதுங்க."

"இன்னைக்கு இத்தனை பேர் முன்னாடி உண்மையச் சொன்னீங்களே. அதைவிடவா?"

முனிலட்சுமி கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பின்னர்த் தலையசைத்தாள்.

ஐந்தாம் நாட் காலையில், ஒரு விழியின் கட்டு அவிழ்ந்தது. கூசும் ஒளி மெல்ல வடிவுகொள்ள, அவள் முதலிற் கண்டது தம்பியின் முகம்.

"இன்னாடா, இப்பிடி நரச்சிட்ட?"

"ரெண்டு வருசம் ஆச்சில்லக்கா," என்றான் அவன்.

அவளைப் பந்தலுக்கு அழைத்துச் சென்றான். அவள் சொற்படி அவனே கிண்டிய பொங்கலை எல்லோரும் உண்டுகொண்டிருந்தனர். வாயிற்காலைப் பற்றியவாறு முனிலட்சுமி நின்றாள். எழுநூறு என்பது அந்நாள்வரை அவளுக்கு மூட்டைக் கணக்கு; அண்டாவின் ஆழம்; தொலைவில் எழும் இரைச்சல். இன்றோ கடலலைகள்போல் வரிசைக்குப்பின் வரிசையாய் முகங்கள். சுருங்கியவை, கருத்தவை, பொக்கைவாய் மென்று அசைபவை. பொங்கலில் கிடந்த மிளகைப் பொறுக்கி ஓரத்தில் வைக்கும் முதியவர். மனைவியின் வாயில் ஊட்டும் கணவர்.

"இத்தினி பேரா?" என்றாள். "இத்தினி பேருக்கா நான் ஆக்குனன்?"

முந்தைய நாளே முகாமுக்கு வந்ததால் அவள் யாரென்று அறியாத பெண்ணொருத்தி, ஒற்றைக் கண்ணில் கட்டுடன் நிமிர்ந்து நோக்கி, சற்றே ஒதுங்கி அமர்ந்தாள். "நின்னுக்கினு கீறியேம்மா? வா, இங்க எடம் கீது. பொங்கல் சூடா கீது."

ஆயிரமாயிரம் பேர்க்கு ஆக்கிய அப்பெண், தன் வாழ்நாளில் முதன்முறையாகப் பந்தியின் நடுவே அமர்ந்து உண்டாள். வெளியே பனி விலகி, மாம்பூக்கள்மேல் வெயில் இறங்கியது. ஊட்டுவோர்க்கும் உண்போர்க்கும் இடையே நிற்பது ஒரு மெல்லிய திரையே. அதனை விலக்கிப் பார்க்கும் பேறு எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. வாய்த்தவர்க்கோ, எதிரே ஒரு கவளம் சோறு இருக்கையிலும், அதை எடுக்க மறந்து அவர் நெடிது நோக்கியிருப்பர்.