நுரைக்குள் நிற்கும் நாய்

1.

இந்தக் கதை என்னுடையதல்ல. பக்கத்து வீட்டுக் குளியலறையிலிருந்து சுவர் வழியே கசிந்து வந்தது. தண்ணீர் ஊற்றும் சத்தம். நடுவே ஒரு பெண்குரல் மிகத் தாழ்வாக, "யாரு நீ?" என்று கேட்டது. அந்த வீட்டில் அக்காவும் தம்பியும் ஒரு நாயும் இருப்பது மட்டும் எனக்குத் தெரியும். மீதியை நான் இட்டுக்கட்டினேன். (அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.)

2.

விடாமல் மழை பெய்த அந்த நாளில் அக்கா நாயை...

வேண்டாம். மழை வந்தால், பயமுறுத்தப் பார்க்கிறேன் என்று கண்டுபிடித்துவிடுவீர்கள். நல்ல வெயில். காணாமல் போயிருந்த நாய் உருண்டை காலையில் தானாகவே வாசலில் வந்து நின்றது. அது போனதிலிருந்து சாப்பாட்டைச் சரியாகத் தொடாத தம்பி இன்று தட்டை வழித்துச் சாப்பிட்டான். சேறு அப்பிய நாயைக் குளிப்பாட்ட அக்கா குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னக்கா, சத்தமே காணோம்? தண்ணின்னா வீட்டையே ரெண்டாக்குமே!"

"சமத்தா நிக்குதுடா."

"ஊரு சுத்துனதுல அதுக்குப் புத்தி வந்துடுச்சு. உனக்குத்தான் இன்னும் வரல."

3.

கால் முடியை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தாள். நாய் சட்டென்று இடது பின்னங்காலைத் தூக்கி வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. அவளுக்குச் சுருக்கென்றது. போன வருடம், சிக்கு என்று நினைத்துத் தோலையும் சேர்த்து அவள் நறுக்கியது அந்தக் காலில்தான். தையல் போட்ட இடத்தில் பிறகு முடி முளைக்கவே இல்லை.

நுரையை வழித்துவிட்டுப் பார்த்தாள். முடி அடர்த்தியாக இருந்தது. விலக்கிப் பார்த்தாள். தழும்பு இல்லை. அடுத்த காலிலும் இல்லை.

வலி நினைவிருக்கிறது. காயத்தைத்தான் காணோம்.

"யாரு நீ?" என்றாள்.

(இங்கே நாய் உடலை உதறவேண்டும். எப்படியெப்படியோ எழுதிப் பார்த்துவிட்டேன். உதறமாட்டேன் என்கிறது.)

4.

முதல் முடிவு: அக்கா வாயைத் திறப்பதில்லை. தம்பி அதைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போகிறான். அன்று முதல் அது அவன் காலடியில் தூங்குகிறது. தூங்குவதுபோல்...

இரண்டாவது: சொல்லிவிடுகிறாள். "உனக்கென்ன பைத்தியமா?" என்கிறான் தம்பி. மறுபடி தட்டைத் தள்ளிவைக்கிறான். நாய் மெல்ல அவன் பின்னால் போய்...

இரண்டையும் அடித்துவிட்டேன். இரண்டிலும் அந்த நாய் அக்காவைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்க்கவில்லை. நான் பேனாவை நிறுத்தும் இடத்திலெல்லாம் தலையைச் சாய்த்து என்னைப் பார்க்கிறது. நான் எழுதாமலேயே வாலை ஆட்டுகிறது.

"முடிஞ்சுதாக்கா? கதவத் திற!" தம்பி துண்டோடு நிற்கிறான்.

அக்காவின் கை தாழ்ப்பாளில் இருக்கிறது. அவளை அப்படியே விட்டுவிட்டு நான் எழுந்துகொள்கிறேன். திறக்கலாமா என்பதை நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அது என்னை விட்டு உங்கள் பக்கம் திரும்பிவிட்டது.