வியாழக்கிழமைத் தொட்டி

ஜாம் பாட்டிலின் லேபிள் பாதி உரிந்து கையோடு வந்தபோதுதான் அவருக்கு உறைத்தது, அடுத்த அறையில் மனைவி இறந்து கிடக்கிறாள் என்று. அதற்காகக் கை நின்றுவிடவில்லை. ஊறிப்போன மீதிக் காகிதத்தையும் நகத்தால் சுரண்டி எடுத்து, பாட்டிலை விளக்கொளியில் தூக்கிப் பார்த்து, அடியில் ஒட்டியிருந்த சிவப்பைக் கரண்டிக் காம்பால் நோண்டி, மறுபடி அலசினார். இன்று வியாழக்கிழமை. காலையில் குப்பை வண்டி வரும். கைக்கு அது தெரிந்திருந்தது. மற்றது இன்னும் கை வரைக்கும் போய்ச் சேரவில்லை.

"அண்ணா, என்ன பண்றே?"

சமையலறை வாசலில் தங்கை நின்றாள். விடிவதற்கு முன்பே டாக்சி பிடித்து ஓடி வந்தவள். கண் சிவந்திருந்தது, கையில் துடைப்பம் இருந்தது. அவளுக்கு அழுகை வந்தால் வேலையாகத்தான் வரும்.

"பாட்டில் கழுவுறேன்."

"வை அதை. யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?"

"ஜாம் ஒட்டியிருந்தா எடுத்துக்க மாட்டாங்க."

அவள் பாட்டிலை வாங்கி வைத்துவிட்டு, அண்ணனின் இரண்டு கைகளையும் துண்டால் துடைத்துவிட்டாள். அவரும் குழந்தை மாதிரிக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

மனிதர் வாழ்நாளெல்லாம் தபாலாபீசில் தபால் பிரித்தவர். ஒரு கடிதத்தைக்கூட மாற்றிப் போட்டதில்லை என்று அவருக்குப் பெருமை. ஓய்வு பெற்ற பிறகு பிரிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தவருக்கு, நகராட்சி மறுசுழற்சிக் குப்பைக்கென்று கொண்டுவந்து வைத்த நீலத் தொட்டி கிடைத்தது. பிறகு கேட்பானேன்! காகிதம், அட்டை, தகரம், பாட்டில், எல்லாம் நீலத்தில். எண்ணெய் பட்டது, துணி, ரப்பர், எல்லாம் சாம்பல் நிறத் தொட்டியில். நீலத்தில் ஒரு தப்பான பொருள் இருந்தாலும் வண்டிக்காரர் மூடிமேல் சிவப்புச் சீட்டை ஒட்டிவிட்டு, தொட்டியைத் தொடாமல் போய்விடுவார். தெருவில் எல்லார் வீட்டுத் தொட்டியும் ஒரு தடவையாவது சிவப்புச் சீட்டு வாங்கியிருக்கிறது, இவர் வீட்டைத் தவிர. தெருவில் இவருக்குப் பெயரே 'தொட்டி சார்'. அந்தப் பெயரை வைத்தது தன் மனைவிதான் என்பதும் அவருக்குத் தெரியும்.

அவளோ நேர் எதிர். கையில் ஒரு காலிப் பெட்டி கிடைத்தால் போதும், அதற்குள் எதையாவது திணிக்காமல் விடமாட்டாள். தயிர்க் கப்புக்குள் பிஸ்கட் உறை, அந்தக் கப் தகர டப்பாவுக்குள், டப்பா பால் அட்டைப்பெட்டிக்குள், அதன் வாயை மடித்துச் செருகி, பரிசுப் பொட்டலம் மாதிரி நீலத் தொட்டியில் போட்டுவிடுவாள். இடம் மிச்சமாம். தனித்தனியாகத்தான் போடவேண்டும் என்று சொல்லிச் சொல்லி இவருக்குத் தொண்டைத் தண்ணி வற்றிப்போனது. அதனால் புதன்கிழமை சாயங்காலம் ஆனால் பின்வாசல் படியில் உட்கார்ந்து ஒவ்வொரு பொட்டலமாகப் பிரிப்பார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, டீயை ஊதி ஊதிக் குடித்தபடி வேடிக்கை பார்ப்பாள்.

"அடேயப்பா, ஆபீசுல பிரிச்சது பத்தலையா உங்களுக்கு?"

"நீ ஒழுங்கா போட்டா எனக்கு ஏன் இந்தத் தலையெழுத்து?"

"ஒழுங்கா போட்டா நீங்க இப்படி என் பக்கத்துல உக்காருவீங்களாக்கும்!"

உடனே அவர் தகரத்தின் ஓரம் கையைக் கிழிக்கிறது என்று அதைத் திட்டுவார்.

படுக்கையோடு ஆன பிறகும் அவள் விடவில்லை. நேற்றுச் சாயங்காலம்கூட, காலியான பால் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னாள். மாத்திரை அட்டைகளை மருந்துப் பெட்டியில் திணித்து, அதைப் பால் பெட்டிக்குள் இறக்கினாள். வாயை மடித்துச் செருகத்தான் விரலில் வலு இல்லை. அவர் உதவப் போனால் கையைத் தட்டிவிட்டாள். செருகி முடித்ததும் முகத்தில் அப்படியொரு வெற்றி.

"இந்தாங்க. இந்த வாரத்துக்கு உங்க வேலை."

"நாளைக்குக் காலையில பிரிச்சுக்கறேன்," என்றார். அப்படி அவர் தள்ளிப்போட்டது அதுதான் முதல் தடவை. அவளை விட்டு எழுந்திருக்க மனம் இல்லை. ஒரே ஓட்டமாகப் போய் அதை அப்படியே தொட்டியில் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அந்த வாரத்துப் பொட்டலம் ஒன்றுகூடப் பிரிக்கப்படாமல் உள்ளே கிடந்தது.

பின்னிரவில் அவள் கால் குளிர்கிறது என்றாள். வெந்நீர்ப் பையில் நீர் நிரப்பிக் கொண்டுவந்தார். எப்போதும் கேட்பதைக் கேட்டாள்: "கவுத்துப் பாத்தீங்களா?" ஒரு தடவை மூடி சரியாகத் திருகாமல் மெத்தையெல்லாம் ஈரமாகிப்போனதிலிருந்து அவளுக்கு அந்தச் சந்தேகம். அவள் கண்ணெதிரேயே பையைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். சரி என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான்.

வீட்டுக்குள் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். குரல்கள் எல்லாம் பஞ்சுக்கு அந்தப் பக்கம் இருந்து வருவதுபோல் கேட்டன. யாரோ அவர் தோளைத் தொட்டார்கள், யாரோ காகிதக் கோப்பையில் காபி கொடுத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் தெருவைத் துடைத்து வைத்திருந்தது. எதிர்வீடு இல்லை, மரம் இல்லை. வெள்ளைக்கு நடுவே ஒரு நீலம் மட்டும் தெரிந்தது. அது என்ன என்று அவர் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

"தொட்டியை வெளியில வெச்சுட்டேண்ணா," என்றாள் தங்கை பின்னாலிருந்து. "நீ அதையே நினைச்சுட்டு இருக்க வேண்டாம்."

அவர் ஜன்னலை விட்டுத் திரும்பினார். அதற்குள்ளே மனைவி செருகிய பெட்டி இருக்கிறது. வண்டி வந்தால் ஒரே கவிழ்ப்பு, கதை முடிந்தது. அவர் வாசலுக்குப் போனார். தொட்டிப் பக்கம் கை நீள்வதற்குள் பக்கத்து வீட்டு டீச்சரம்மா வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். பின்னாலேயே இன்னும் நான்கு பேர். இத்தனை பேர் முன்னால் குப்பைக்குள் தலையை விட்டுத் துழாவினால், 'பாவம், மனுஷனுக்கு மூளை கலங்கிப்போச்சு' என்பார்கள். சரி, எடுத்துத்தான் என்ன செய்யப்போகிறார்? அதுவும் அவருக்குத் தெரியவில்லை. ஒரு வாரம். ஒரே ஒரு வாரம் அது இங்கேயே இருக்கட்டும். அதற்குமேல் அவர் எதையும் கேட்கவில்லை.

சவ வண்டி வந்தது. இரண்டு பேர் சத்தமில்லாமல் உள்ளே வந்து, சத்தமில்லாமல் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். படுக்கையில் அவள் கால் இருந்த இடத்தில் வெந்நீர்ப் பை மட்டும் மிஞ்சியது. தொட்டுப் பார்த்தார். அவள் காலில் இல்லாத சூடு அதில் கொஞ்சம் இருந்தது. அவருக்குக் கோபம் கோபமாக வந்தது, அந்தப் பையின் மேல்.

அப்போதுதான் தோன்றியது. ரப்பர்.

பையைத் திறந்து, சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தார். நீர் இறங்கி முடியும்வரை காத்திருந்தார். கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு எல்லாருக்கும் கடைசியாக வாசலுக்கு வந்தார். எல்லார் கண்ணும் சவ வண்டிமேல் இருந்தது. திருடன் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, நீல மூடியைத் தூக்கி, பையை மேலாக, கண்ணில் படும்படி விரித்து வைத்து மூடினார். இனி சிவப்புச் சீட்டு நிச்சயம். தொட்டியைத் தொடமாட்டார்கள்.

ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பும் நேரத்துக்குப் பனிக்குள்ளிருந்து இரண்டு மஞ்சள் விளக்குகள் மெதுவாக வந்து பின்னால் நின்றன. குப்பை வண்டி. ஹாரன் அடிக்கவில்லை. இன்ஜினையும் அணைத்துவிட்டார்கள். தெரு அப்படியே அடங்கிப்போனது.

பனி கொஞ்சம் விலக, சவ வண்டி ஊர்ந்தாற்போல் நகர்ந்தது. பக்கக் கண்ணாடியில் அவர் வீடு சின்னதாகத் தெரிந்தது. கையுறை போட்ட வண்டிக்காரர் இறங்கி வந்தார். வாராவாரம் இவரைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகிறவர். மூடியைத் திறந்தார். பையை எடுத்துப் பார்த்தார்.

'ஒட்டுப்பா. சீட்டை ஒட்டு.'

வண்டிக்காரர் நிமிர்ந்து, போய்க்கொண்டிருக்கும் சவ வண்டியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். கொஞ்சம் நின்றார். பிறகு பையைக் கொண்டுபோய் கேட் கைப்பிடியில் பத்திரமாக மாட்டினார். திரும்பி வந்து, தொட்டிக்குள் குனிந்து, வேறு ஏதாவது தப்பாக இருக்கிறதா என்று மேலாக ஒரு பார்வை பார்த்தார். 'பாவம், பெரியவருக்கு இன்னிக்கு எங்கே பாத்துப் போட முடியும்' என்று நினைத்திருக்க வேண்டும். இரண்டு கையாலும் தொட்டியை வண்டிப்பக்கம் உருட்டினார்.

"ஒரு நிமிஷம்!"

ஓட்டுநர் பிரேக்கில் கால் வைத்தார். "என்ன சார், எதையாவது விட்டுட்டு வந்துட்டீங்களா?"

கண்ணாடியில் தொட்டி மேலே எழும்பிக் கவிழ்ந்தது. சத்தம் கேட்கவில்லை. வெள்ளையும் தகரமும் அட்டையுமாக ஏதேதோ சரிந்து விழுந்தன. எது அவளுடைய பெட்டி என்று தெரியவில்லை. பனி வந்து மூடிக்கொண்டது.

"இல்ல," என்றார். "போங்க."

எல்லாம் முடிந்து திரும்பி வரும்போது வெயில் வந்திருந்தது. வழக்கமாக நடைபாதையில் கோணலாகக் கிடக்கும் தொட்டி, இன்று கேட்டுக்கு உள்ளே, சுவரோரமாக, மூடி சாத்தி நேராக நின்றது. அவர் மூடியைத் தூக்கிப் பார்த்தார். அடியில் ஒரு துண்டுக் காகிதம்கூட ஒட்டவில்லை. அவ்வளவு நல்ல மனிதர் அந்த வண்டிக்காரர். அவரை என்ன சொல்லித் திட்டுவது? திட்டவும் முடியாமல்தான் அவருக்கு அழுகை வந்தது. தொட்டியைப் பிடித்துக்கொண்டு, யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பாராமல் அழுதார்.

தங்கை அவரை அழவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றாள். பிறகு கேட்டில் தொங்கிய பையைக் கழற்றினாள்.

"இது எப்படிண்ணா இங்க வந்துச்சு?"

"நான்தான் போட்டேன்."

"ஏன், ஓட்டையா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கு."

அவள் பையை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் வந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். தங்கை காகிதக் கோப்பைகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றாக மிதித்துத் தட்டையாக்கி, தனியாக ஒரு பையில் போட்டு வைத்திருந்தாள். அண்ணனுக்காகத்தான். அவர் அதைப் பார்த்தார். நன்றாகத்தான் செய்திருக்கிறாள், ஒன்றுக்குள் ஒன்று எதுவுமே இல்லை. அடுத்த புதன்கிழமை பின்வாசல் படியில் அவருக்கு வேலை இருக்காது.

அடுப்பில் டீக்கு வைத்த தண்ணீர் கொதித்தது. தங்கை இரண்டு கோப்பைகளில் ஊற்றிவிட்டுத் திரும்புவதற்குள் அவர் மீதியை எடுத்துக்கொண்டார். வெந்நீர்ப் பையின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். காற்றை அமுக்கி வெளியே விட்டார். மூடியைத் திருகினார். தலைகீழாகப் பிடித்தார். கொஞ்சம் அதிக நேரமே பிடித்திருந்தார். ஒரு சொட்டு விழவில்லை.

"டீ ஆறிடப்போவுதுண்ணா."

"வரேன்."

படுக்கையில் விரிப்பை மாற்றியிருந்தார்கள். அவள் படுக்கும் பக்கத்தில், கால்மாட்டில், போர்வையைத் தூக்கிப் பையை உள்ளே தள்ளினார். போர்வையை இழுத்துவிட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கனமான போர்வை அது. சூடு மேலே வரக் கொஞ்ச நேரம் ஆகும்.