மூத்தவன்

பெரியப்பாவால் ஊசியில் நூலைக் கோக்க முடியவில்லை. நூல் முனையை எச்சில் தொட்டு முறுக்குவதும், ஜன்னல் வெளிச்சத்துக்கு ஊசியைத் தூக்கிப் பிடிப்பதும், குறி தவறியதும் "சனியனே" என்று நூலைத் திட்டுவதுமாக இருந்தார். வாழ்நாளெல்லாம் தையல் மெஷின் மிதித்த மனிதர். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். அவருக்குப் போட எடுத்துவைத்த வெள்ளைச் சட்டையில் காலர் பித்தானைக் காணோம்.

"குடுங்க பெரியப்பா, நான் கோத்துத் தரேன்" என்றாள் மகள்.

"நீ வேன் ஓட்டு, போதும். பித்தான் இல்லாம அனுப்பினா என்னைத்தான் கேப்பான். நான் தச்ச சட்டை."

இனி யார் கேட்கப்போகிறார்கள் என்று அவள் சொல்லவில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வேன் கொள்ளாத பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்குகிறவள். காலையிலிருந்து தொண்டையில் குரலே இல்லை. விடியும் நேரத்தில் அப்பா தண்ணீர் கேட்டார். தம்ளரோடு அவள் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அப்பா வீடும் பெரியப்பா வீடும் ஒட்டினாற்போல் இருந்தன. நடுவில் ஒரே சுவர். அம்மாவும் பெரியம்மாவும் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணனும் தம்பியும் மட்டும் ஒருவருக்கொருவர் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டு இருந்ததைப் பார்த்துக் கீழ்வீட்டுக்காரர்கள் வயிறெரிந்தார்கள். பெரியப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டாலே அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட "அண்ணன் சொல்லட்டும்" என்றுதான் சொன்னார். பெரியப்பாவுக்கு அவர் எப்போதும் "டேய்"தான்.

இருவரும் ஒத்துப்போகாத ஒரே விஷயம் பழைய வீடு. அகலச் சாலை போடுவதற்காக அவர்கள் பிறந்து வளர்ந்த தெருவையே வழித்து எடுத்துவிட்டார்கள். ஒரு சுவர்கூட மிச்சமில்லை. காலை வெயில் நேராகக் கூடத்துக்குள் வந்து முகத்தில் அடிக்கும் என்பார் அப்பா. "காலையில ஏதுடா வெயில்? சாயங்காலம்தான் வாசல்ல நிக்க முடியாது" என்பார் பெரியப்பா. அப்பா உடனே சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவார்.

அவளுக்கோ அந்த வீடு எங்கே இருந்தது என்று தெரிந்தே ஆகவேண்டும். பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அந்தச் சாலையோரம் வேனை நிறுத்தி, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்த்துக்கொண்டு நிற்பாள். பின்னால் எவனாவது ஆரன் அடித்தால் அவனுக்கு நல்ல அர்ச்சனை கிடைக்கும். அந்தக் கோபம் அவளுக்குத் தாத்தா கொடுத்தது. அப்பா தன் அப்பாவைப் பற்றி வாயே திறக்க மாட்டார், பெரியப்பாதான் சொல்லுவார். சாப்பாட்டில் உப்பில்லை என்று தாத்தா தட்டைத் தெருவில் வீச, அது ஒரு போலீஸ்காரர் தலையில் இறங்க, தாத்தா ராத்திரி முழுக்க ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்த கதை. "அப்படியே தாத்தா ரத்தம்" என்று அவர் முடிக்கும்போது அவளுக்குப் பெருமை தாங்காது.

அந்தத் தெருவாசிகளை விசாரித்து விசாரித்துப் போன மாதம்தான் ஒருவரைப் பிடித்தாள். தாத்தாவின் தங்கை மகன். தெரு இடிபடுவதற்கு முன்பே வேலை கிடைத்து வெளியூர் போனவர். அவளுக்கு மாமா முறை. அப்பாவிடம் சொன்னபோது "அவன் இருக்கானா?" என்று மட்டும் கேட்டார். சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை. இன்று காலை அந்த மாமாவுக்கும் அவள்தான் போன் செய்தாள்.

மாமா வந்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்து வாய்விட்டு அழுதார். பிறகு, சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தவரைப் பார்த்தார்.

"யாரும்மா இவரு?"

"தெரியலையா மாமா? பெரியப்பா. அப்பாவோட அண்ணன்."

"அண்ணனா? எங்க மாமாவுக்கு உங்கப்பா ஒத்தைப் பிள்ளையாச்சே! முன்னயும் இல்ல, பின்னயும் இல்ல." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "அட, எதிர்வீட்டுப் பையன்தானே நீ? போலீஸ்காரர் மேல தட்டை வீசுனாரே, அவரு மகன்!"

எதிர்வீடு. ஒரு வாசலுக்குக் காலை வெயில், அதற்கு நேரெதிர் வாசலுக்குச் சாயங்கால வெயில். இத்தனை வருஷம் சாலையோரம் நின்று மண்டையை உடைத்துக்கொண்டவளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. விளங்காமலே இருந்திருக்கலாம்.

பெரியப்பா பித்தானைத் தைத்து முடித்து, காலரை நீவிவிட்டு, எழுந்து சமையலறைக்குப் போனார். அவளும் பின்னாலேயே போனாள்.

"நெசமா?"

அவர் குழாயைத் திறந்து கை கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

"உங்களைத்தான் பெரியப்பா. நெசமான்னு கேக்கறேன்."

"நெசம்தான்." குழாயை மூடினார். "தெருவை எடுக்கறப்ப மாத்து வீடு குடுத்தாங்க. கூடப் பொறந்தவங்களுக்கு மட்டும்தான் பக்கத்துப் பக்கத்துல. மத்தவங்களுக்குக் குலுக்கல், எந்தக் கோடியில விழுமோ தெரியாது. உங்க பாட்டி அப்ப படுத்த படுக்கை. உங்கப்பன் லிப்ட் ரிப்பேர் வேலைக்குப் போனதும் உங்க பெரியம்மாதான் தெருவைத் தாண்டிப் போய் ஊட்டிவிடுவா. அவ இல்லன்னா பாட்டி தாங்காது. கவுன்ட்டர்ல இருந்த ஆளு, நீங்க ரெண்டு பேரும் யாருன்னான். உங்கப்பன் முந்திக்கிட்டு, 'இவரு என் அண்ணன்'னுட்டான்."

"அண்ணன்னு எதுக்கு?"

"எனக்கு மீசை இருந்துச்சு. அவனுக்கு இல்ல." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "அவன்தாம்மா மூத்தவன். என்னைவிட ஒரு வயசு பெரியவன். அந்த அவசரத்துல வாயில வந்துடுச்சு. இங்க வந்தா சுத்தி எல்லாம் புது ஆளுங்க. எவனாவது போட்டுக் குடுத்தா வீடு போயிடுமேன்னு வீட்டுக்குள்ளயும் அப்படியே கூப்பிட்டோம். பயம் தெளிஞ்ச பிறகும் அவன் மாத்திக்கல. 'இருந்துட்டுப் போகட்டும், எனக்கு ஒரு அண்ணன் இருக்கறது நல்லாத்தான் இருக்கு'ன்னான்."

அவளுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. தாத்தா போனார், தட்டு போனது, அவளுடைய கோபம்கூட எவர் வீட்டுச் சொத்தோ. அப்பாவைப் போய் உலுக்கி, "எங்கிட்டகூடச் சொல்லணும்னு தோணலையா?" என்று கேட்கவேண்டும்போல் இருந்தது. கேட்பதற்கு அவர் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தலையைத் தடவப் பெரியப்பா கையைத் தூக்கினார். பாதியில் நிறுத்தி இறக்கிக்கொண்டார்.

கீழே வண்டி வந்து நின்றது. அப்பாவைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். பின்கதவைத் திறந்துவிட்டு டிரைவர் சொன்னார்:

"நெருங்கின சொந்தம் ஒருத்தர் முன்னாடி ஏறுங்க. பின்னாடி பெஞ்சுல ரெண்டு பேர் உக்காரலாம்."

மாமா முன்னால் ஏறி உட்கார்ந்தார். பெரியப்பா மாடிப்படியின் திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தார். செருப்புக்கூடப் போடவில்லை.

"அவரை எதுக்கு அலைக்கழிக்கணும்?" என்றார் மாமா. "வயசான மனுஷன், வீட்டுல இருக்கட்டும். ரத்த சொந்தம் நான் வந்துட்டேன்ல." மாமா கெட்டவர் இல்லை. நல்லதென்று நினைத்துத்தான் சொன்னார்.

அவள் படியைத் திரும்பிப் பார்த்தாள். இவரை விட்டுவிட்டுப் போனால் அப்பாவுக்கு அண்ணனே இருந்ததில்லை என்று ஆகிவிடும். இன்று மாலை அவள் திரும்பி வரும்போது சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இருப்பார்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. இறங்குங்க."

"என்னம்மா இது?"

"நீங்க கார்ல வாங்க. இதுல எங்க பெரியப்பாதான் வருவாரு."

அவள் குரல் மூன்றாம் மாடி வரைக்கும் கேட்டது. மாமா முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். அவள் படியேறிப் போய்ப் பெரியப்பாவின் கையைப் பிடித்தாள்.

"வாங்க பெரியப்பா. நேரமாச்சு."

"நான் வந்தா நாலு பேரு..."

"வாங்கன்னா வாங்க."

அவள் தோளைப் பற்றிக்கொண்டு இறங்கி வந்தார். டிரைவர் முன்கதவைத் திறந்து பிடித்தார். பெரியப்பா அந்த இருக்கையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய், முட்டியில் கை ஊன்றி ஏறி, அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்தார். அவள் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது.

தெருமுனை வந்தது. பெரியப்பா குனிந்து, இரண்டு கையாலும் அப்பாவின் கால்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே" என்றார். சொல்லிப் பழகாத வாய், திக்கித்தான் வந்தது. "வேகத்தடை வருது. பயப்படாதீங்க, நான் புடிச்சிருக்கேன்."

வண்டி மெதுவாக ஏறி இறங்கியது.