அழுகிய முட்டை வாரம்

யார் யார் வந்திருந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். அப்படி ஒரு கூட்டமே நடக்கவில்லை என்று பின்னால் யாரும் சொல்லிவிடக் கூடாது.

செவ்வாய்க்கிழமை, காலை ஐந்தரை மணி. ஈயம் உருக்கும் எங்கள் கம்பெனியின் வாசலுக்கு எதிரே உள்ள பஸ் நிழற்குடை. சிமெண்ட் பெஞ்சின் கடல் பக்க முனையில் யேங்கடய்யா. பழைய பேட்டரிகளைக் கோடாலியால் பிளக்கிறவர். அவருக்கு அடுத்து விம்லா வதி. பிளந்த பெட்டிகளைக் கழுவுகிறவள். பெஞ்சின் மறுமுனையில் சுகாதார நிலையத்துச் செவிலி மெரெசெய்னி, மடியில் பழைய செய்தித்தாளை விரித்து. தரையில், தூணில் முதுகு சாய்த்து, உலைக்காரன் சகியுசா. இரவு வேலை முடிந்து வந்த பதினோரு பேர் சாலையோரப் புல்லில். பகல் வேலைக்குப் போக வேண்டிய பதின்மூன்று பேர் நின்றபடி. நான் எடைமேடைக் குமாஸ்தா, சங்கச் செயலாளர். கவிழ்த்த எண்ணெய் டின்மேல், முழங்காலில் நோட்டு.

செவிலியைத் தவிர எல்லார் கையிலும் ஒரு பை இருந்தது. ரொட்டி வந்த பிளாஸ்டிக் உறை, மாவுப் பை, யாரோ ஒருவரிடம் குழந்தையின் பள்ளிப் பை. உள்ளே செவிலி கொண்டுவரச் சொன்ன, அவரவர் வீட்டு மாத்திரைகள்.

எங்கள்மேல் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது.

சகியுசா அரை மணிக்கு முன்புதான் உலையின் வாயைக் கம்பியால் குத்தித் திறந்துவிட்டு வந்திருந்தான். ஈயம் பழுப்புத் தோல் மூடிய பாலைப் போல வாய்க்காலில் வழிந்து அச்சுகளில் நிறையும். அதன் புகை தொண்டைக்குள் இனிக்கும். வெல்லத்தின் இனிப்பில்லை அது. செத்த எலி கிடக்கும் அறையில் யாரோ அத்தர் தெளித்தது போன்ற இனிப்பு. பத்து மணி நேரம் அதை விழுங்கிவிட்டு வந்தவனின் இமைமயிர்வரை சாம்பல். அந்தச் சாம்பலின் மேல் வேர்வை ஓடிய கோடுகள். அந்த வேர்வையில் முட்டை நாற்றம்.

நாற்றம் வந்த வழி இது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி எங்கள் ரத்தத்தை எடுத்து ஈயம் பார்க்கும். முப்பதுக்கு மேல் எண் வந்தால் சம்பளம் இல்லாமல் வீடு. அதற்கு ஒரு வாரம் முன்பிருந்து மேஸ்திரி வாசலில் நின்று பெயரெழுதாத பொட்டலம் கொடுப்பார். காலையில் ஒரு குளிகை, அவர் கண்ணெதிரே விழுங்க வேண்டும். மாலைக்கு ஒன்று வீட்டுக்கு. 'ரத்தம் கழுவுற மாத்திரை' என்பார். அதைத் திறந்தாலே குமட்டும். விழுங்கிய மறுநாள் மூச்சு, மூத்திரம், தலையணை எல்லாம் நாறும். பஸ் டிரைவர் எங்களைக் கண்டதும் ஜன்னல்களைத் திறந்துவிடுவார். எங்கள் பெண்கள் அதற்கு அழுகிய முட்டை வாரம் என்று பெயர் வைத்தார்கள். ரத்தம் எடுக்கும் தேதியைக் கம்பெனி சொல்ல வேண்டியதே இல்லை, புருஷனை முகர்ந்தால் தெரிந்துவிடும்.

சொல்லக் கூசுகிறது, ஆனாலும் எழுத வேண்டும். அந்தக் குளிகையை யாரும் எங்கள் வாயில் திணிக்கவில்லை. நாங்களே கேட்டு வாங்கினோம். அதை விழுங்கினால் எண் இறங்கும், எண் இறங்கினால் வேலை இருக்கும். ஒவ்வொரு முறையும் 'எல்லாரும் பாஸ்' என்ற பட்டியலைத் தட்டச்சு செய்தவன் நான். கம்பெனி எவருடைய எண்ணையும் எவருக்கும் காட்டியதில்லை. நானும் கேட்டதில்லை. அந்தத் தாளை இப்போது நினைத்தால், குளிகையைவிட அதுதான் அதிகம் நாறுகிறது.

சென்ற முறை சகியுசாவின் மனைவி மாலைக் குளிகை ஒன்றை ஒளித்து வைத்தாள். நான்கு வயது மகள் ஆனா வெளிறிப்போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாசல் மண்ணைத் தின்றுகொண்டிருந்தாள். அப்பாவின் ரத்தத்தைக் கழுவுவது மகளின் ரத்தத்தையும் கழுவும்தானே? பழுத்த வாழைப்பழத்தில் பொடியைப் பிசைந்து ஊட்டிவிட்டாள். குழந்தை வாந்தியெடுத்து, உடம்பெல்லாம் தடித்துப்போய், சுகாதார நிலையத்துக்கு வந்தது. மெரெசெய்னி முதலில் குழந்தையின் வாயை முகர்ந்தாள். பிறகு அதன் கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவி, நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து, கடல் தாண்டி அனுப்பினாள். முடிவு வந்தது: நாற்பத்து நான்கு. உலையை ஒருநாளும் பார்த்திராத குழந்தை. அப்பாவின் சட்டையில் வந்ததைத்தான் அது தின்றிருந்தது.

சிறுமி ஆனா இன்னும் தலைநகர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அதனால்தான் இந்தக் கூட்டம்.

மெரெசெய்னி யேங்கடய்யாவின் பையிலிருந்து தொடங்கினாள். சர்க்கரைக்கு ஒன்று. ரத்த அழுத்தத்துக்கு ஒன்று. மலச்சிக்கலுக்கு ஒன்று. வயிற்று வலிக்கு மூன்று கடைகளில் வாங்கிய மூன்று வலி மாத்திரைகள்.

"காக்கா," என்றாள். சித்தப்பா என்று அர்த்தம், இங்கே பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம். "இந்த மூணும் ஒரே மருந்துதான். பேருதான் வேற. மூணையும் சேத்தா முழுங்குற?"

"வலி மூணு பக்கமும் வருது சிஸ்டர்."

புல்லில் சிரிப்பு எழுந்தது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இரண்டைத் தனியே ஒதுக்கினாள்.

"வலி மாத்திரை சிறுநீரகத்தைத் தின்னும். ஈயமும் அதையேதான் தின்னுது. இன்னைக்குச் சாயங்காலம் டாக்டர்கிட்ட வா. அதுவரைக்கும் சக்கரை மாத்திரைய விட்டுடாத. நல்லா கேட்டுக்கங்க எல்லாரும்: நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, நீங்களா எதையும் ஆரம்பிக்காதீங்க, ஒருத்தர் மருந்த இன்னொருத்தர் வாயில போடாதீங்க."

"அப்ப இந்த முட்டை மாத்திரை விஷமா?" என்றாள் விம்லா.

"விஷமில்ல. நல்ல மருந்து. ஆனாவுக்கு இப்ப அதத்தான் கொடுக்கிறாங்க, நாலு நாளைக்கு ஒருதரம் ரத்தம் பாத்து, ஈரல் பாத்து. ஈயத்த விட்டு வெளிய வந்தவங்களுக்குத்தான் அது. படகுல ஓட்டை இருக்கு, நீ தண்ணிய இறைக்கிற. இறைச்ச மறுநாளே நெறைஞ்சிடும். இங்க அதைவிட மோசம். நீ இறைக்க இறைக்க ஓட்டையும் பெருசாவுது. உலைக்குப் பக்கத்துல நின்னு இத முழுங்கினா உடம்பு இன்னும் அதிகமா ஈயத்த உறிஞ்சும்."

"அப்ப அந்த எண்ணு?"

"ஒரு வாரத்துக்கு ரத்தம் சுத்தமா தெரியும். எலும்புல சேந்தது அப்படியே இருக்கும். அது திரும்ப ரத்தத்துக்கு வரும்போது ஊசி குத்திப் பாக்க யாரும் வரமாட்டாங்க."

யாரோ காறித் துப்பினார்கள். கரும்பு லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது.

அதன் பின்னாலேயே முதலாளியின் வண்டி வந்து நின்றது. வில்மோட் வெள்ளைத் தோல்காரர் என்றாலும் இங்கேயே பிறந்தவர். எங்கள் பேச்சில் எங்களைவிட நன்றாக வைவார்.

"என்னய்யா, பஸ் ஸ்டாப்புல பூசையா? பிரசாதம் எனக்கில்லையா?"

"இருக்கு பாஸ்." விம்லா எழுந்தாள். தன் மாலைக் குளிகையைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டி, ஜன்னலுக்குள் நீட்டினாள். "உடம்புக்கு நல்லதாமே. ஒண்ணு போட்டுக்கங்க."

வில்மோட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கை தானாக மூக்குக்குப் போயிற்று.

"ச்சீ, எடு அந்தப் பக்கம்! உங்க உடம்பு சுத்தமாகட்டும்னு சீமையிலேர்ந்து வரவழைச்சுத் தர்றேன், நன்றி கெட்டதுங்களா."

"சுத்தமாவுறது எங்க உடம்பா, உங்க காகிதமா பாஸ்?" என்று சகியுசா உட்கார்ந்தபடியே கேட்டான்.

"இதோ பாரு. உன் பொண்ணுக்கு வந்தது வருத்தந்தான். பொண்டாட்டி முட்டாளா இருந்தா அதுக்குக் கம்பெனி என்ன பண்ணும்?"

சகியுசா எழுந்தான். அவன் எழுந்தால் நிழற்குடை சிறிதாகிவிடும். நான் பயந்துபோய் டின்னைவிட்டு எழுந்தேன். அவன் வண்டியைத் தொடவில்லை. தன் சட்டையைக் கழற்றி இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தான்.

"அவ முட்டாள்தான் பாஸ். மூணு வருசமா இத அவ கையாலதான் துவைக்கிறா. குளிக்க ஒரு ரூம் கேட்டோம், துவைக்க ஒரு மெஷின் கேட்டோம். நீங்க மாத்திரை வாங்கினீங்க."

"திங்கக்கிழமை ரத்தம். முப்பதுக்கு மேல வந்தவன் வீட்டுக்குப் போலாம். அவ்வளவுதான் பேச்சு."

"இனிமே நாங்க இத முழுங்க மாட்டோம்," என்றான் சகியுசா. "எல்லாரும் மேல வந்தா?"

வில்மோட் ஜன்னல் கண்ணாடியை ஏற்றப் போனார். சகியுசா விடவில்லை.

"ஒருத்தன் மேல வந்தா அவன் சீக்காளி. இருபத்தெட்டுப் பேரும் மேல வந்தா யாரு சீக்காளி? திங்கக்கிழமை உலைய யாரு திறப்பா? நீங்களா?"

"வெளியில நூறு பேர் நிக்கிறான்!"

"நிக்கட்டும்," என்றாள் விம்லா. "அவங்களுக்கும் சிஸ்டர் ரத்தம் எடுப்பா. மூணு மாசம் கழிச்சு அவங்களும் இதே பெஞ்சுல உக்காருவாங்க."

வண்டி வாசலுக்குள் போனது. வாசற்கதவு வழக்கத்தைவிடச் சத்தமாகச் சாத்தப்பட்டது.

விம்லா தன் ரொட்டி உறையைக் காலி செய்து நடுவில் வைத்தாள். ஒவ்வொருவராக வந்து குளிகைகளைப் போட்டார்கள். காலையில் வாசலில் விழுங்க வேண்டியதைக்கூட நேற்று நாக்கடியில் ஒளித்து, பிறகு துப்பிக் காயவைத்திருந்தார்கள் சிலர். எச்சிலில் ஒட்டிப்போன அவற்றைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. நான் என்னுடையதைப் போட்டேன். எனக்கும் ஈறில் ஈயம் போட்ட நீலக்கோடு உண்டு.

யேங்கடய்யா மட்டும் எழவில்லை.

அவருடைய வலது கை மணிக்கட்டிலிருந்து தொங்கியது, கழுத்து முறித்த கோழியின் தலையைப் போல. இரண்டு மாதமாக இடது கையால்தான் கோடாலி பிடிக்கிறார். மேஸ்திரிக்குத் தெரியாது; எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"உங்களுக்கு நாப்பது வரும், அம்பது வரும்," என்றார் மெல்ல. "எனக்கு எம்பது வரும். உங்களத் திரும்பக் கூப்பிடுவாங்க. இந்தக் கைய யாரு கூப்பிடுவா? வீட்டுல நானும் கிழவியும் மட்டுந்தான். ரெண்டு வருசம் ஓட்டிட்டா போதும்னு பாத்தேன்."

அவர் சொன்னது உண்மை.

மெரெசெய்னி அவருடைய கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். "நரம்பு முழுசாச் சாகல காக்கா. இப்ப வெளிய வந்தா கொஞ்சம் திரும்பலாம். சத்தியம் பண்ண மாட்டேன். உள்ளயே இருந்தா அடுத்தது இடது கை."

சகியுசா அவர் முன்னே தரையில் உட்கார்ந்தான். "பெரியவரே, கேட்டுக்க. உன்னைத் தனியா அனுப்பினா அன்னைக்கு உலை எரியாது. என் வாயால சொல்றேன். இவங்க வாயாலயும் கேட்டுக்க."

"எரியாது," என்றார்கள் புல்லிலிருந்து. நின்றவர்களும் சொன்னார்கள். ஒரே குரலாக வரவில்லை; முன்னே பின்னேயாக, ஒருவன் இருமிக்கொண்டே.

யேங்கடய்யா குனிந்து இடது காலுறையைக் கீழே தள்ளினார். உள்ளே துணி முடிச்சு. பீடி கொடுத்து மற்றவர்களிடம் வாங்கிச் சேர்த்திருந்த குளிகைகள், ஒரு கைப்பிடி. ரத்தம் எடுக்கும் வாரத்தில் அவர் எல்லாரையும்விட அதிகமாக நாறியதன் காரணம் எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. ரொட்டி உறைக்குள் கவிழ்த்தார்.

கடிதத்தை நான் அங்கேயே எழுதினேன். தலைநகர் சுவாவில் உள்ள தொழிலாளர் ஆய்வாளருக்கு. முதலாவதாக, குளிகை கொடுக்கப்பட்ட தேதிகள், ரத்தம் எடுத்த தேதிகள், அருகருகே. இரண்டாவதாக, வரும் திங்களன்று எங்கள் ரத்தத்தைக் கம்பெனி அல்ல, சுகாதார நிலையம் எடுக்கும்; அவரவர் எண் அவரவர் கையில் தரப்பட வேண்டும். மூன்றாவதாக, எண் உயர்ந்தவருக்குச் சம்பளத்தோடு வேறு வேலை. நான்காவதாக, குளிக்க அறை, துணி அங்கேயே துவைக்க வசதி. ஐந்தாவதாக, எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் சோதனை. ஆறாவதாக, 'எல்லாரும் பாஸ்' என்ற பட்டியல்களைத் தட்டச்சு செய்தவன் நானே என்பது.

கையெழுத்துகள் விழுந்தன. யேங்கடய்யாவுக்கு மைப்பெட்டியை நீட்டினேன்.

"ரேகையா? அஞ்சாங்கிளாஸ் படிச்சவன்யா நான்," என்று தள்ளிவிட்டார். இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்து, பேனாவை விரலிடுக்கில் செருகச் சொல்லி, முழுப் பெயரையும் எழுதினார். அது முடியும்வரை பகல் வேலைக்கான சங்கு ஊதிக்கொண்டே இருந்தது. யாரும் நகரவில்லை.

ஒன்பது குளிகைகளைக் காகிதத்தில் மடித்துக் கடிதத்தோடு உறைக்குள் வைத்தேன். மீதியை மெரெசெய்னி வாங்கிப் பூட்டி வைத்தாள். பழக்க தோஷம், உறையின் ஓரத்தை நாக்குக்குக் கொண்டுபோனேன். சகியுசா என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"மச்சான், இவ்வளவு எழுதிட்டு இன்னும் அந்த ஈயத்த நக்கவா போற?"

குழாயடிக்குப் போய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினேன். விரலில் தண்ணீர் தொட்டு உறையை ஒட்டினேன்.

எட்டு மணிக்குத் தபால் நிலையத்தில் முதல் ஆளாக நின்றேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் உறையை வாங்கிய கையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தாள்.

"ஐயோ, உள்ள என்ன செத்துக் கெடக்கு?"

"இன்னும் யாரும் சாகலம்மா. அதனாலதான் பதிவுத் தபால்ல அனுப்புறோம்."

அவள் என் முகத்தையும் உறையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு, ஓங்கி முத்திரை குத்தி, சுவா பைக்குள் போட்டாள்.